தீயும் திணையும்: 'பேக்டிராப்ட்' திரைப்படத்தின் மொழியும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

தொழில்சார் வாழ்வை மையமாகக் கொண்ட திரைப்படங்களில் அத்தொழிலுக்குரிய மொழியும் ஒரு பாத்திரமாகவே இயங்குகிறது. மருத்துவர், மாலுமி, சுரங்கத் தொழிலாளி ஆகியோரைப் பற்றிய படங்களைப் போலவே, தீயணைப்போரைப் பற்றிய படங்களும் கலைச்சொல், குழூஉக்குறி, ஏவல் தொடர், விளி ஆகியவற்றின் களஞ்சியங்களாக உள்ளன. இவற்றை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வோர் சொல்லுக்குச் சொல் தேடுவதோடு நின்றுவிட இயலாது. பெறும் மொழியின் இலக்கண அமைப்பு அவர்களைச் சில முடிவுகளை எடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறது. மூலமொழி வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டதைப் பெறும் மொழி சொல்லியே தீர வேண்டிய நிலை பல இடங்களில் நேர்கிறது.

ரான் ஹோவர்டு இயக்கி 1991-இல் வெளிவந்த 'பேக்டிராப்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற தரவாகும். இதன் திரைக்கதையை எழுதிய கிரெகரி வைடன் எழுத்தாளராவதற்கு முன் தீயணைப்புப் பணியில் இருந்தவர். எனவே இப்படத்தின் உரையாடலில் தொழில்மொழி வெளியிலிருந்து ஒட்டப்பட்டதாக இல்லாமல் உள்ளிருந்து பேசப்படுவதாக அமைந்துள்ளது. ஒலி, ஒலிவிளைவுத் தொகுப்பு, காட்சி விளைவு ஆகிய மூன்று பிரிவுகளில் இப்படம் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தீயைக் காட்டிய முறைக்காகவே இப்படம் பெரிதும் பேசப்பட்டது. தீயைப் பற்றி இப்படம் பேசிய முறை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அம்முறையையும், அதைத் தமிழில் தருங்கால் எழும் சிக்கல்களையும், அவற்றின்வழி படத்தின் நிறைகுறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கதைப்போக்கு

கதை சிகாகோ நகரில் நிகழ்கிறது. 1871-ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்த பெருந்தீயால் நகரின் பெரும்பகுதியை இழந்து மீண்டெழுந்த நகரம் அது. தீயணைப்பு அந்நகரத்தாருக்கு ஓர் அரசுப் பணி மட்டுமன்று. நகர நினைவின் ஒரு பகுதியுமாகும்.

தீயணைப்பாளர் ஒருவர் தம் இளைய மகன் பிரையனைத் தம்முடன் வண்டியில் அழைத்துச் செல்கிறார். சிறுவனின் கண்ணெதிரே அவர் தீயில் மாள்கிறார். தந்தையின் தலைக்கவசத்துடன் நிற்கும் சிறுவனின் நிழற்படம் இதழின் அட்டையில் வெளியாகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறு தொழில்களில் நிலைக்காத பிரையன் தீயணைப்புப் பயிற்சி முடித்துத் தன் அண்ணன் ஸ்டீபனின் கீழேயே பணியில் சேர நேர்கிறது. ஸ்டீபன் அஞ்சாதவன், மூச்சுக் கவசத்தையும் பொருட்படுத்தாமல் தீக்குள் புகுபவன். அண்ணனுடன் ஒத்துப்போக இயலாத பிரையன், தீவைப்புக் குற்றங்களைத் துப்பறியும் ரிம்கேலின் உதவியாளனாகிறான். மூடிய அறைகளில் திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட தீவெடிப்புகளால் சிலர் கொல்லப்படுகின்றனர். அவற்றைச் செய்தவர் வெளியார் அல்லர். மூத்த தீயணைப்பாளரான ஆட்காக்ஸ் என்பவரே. தீயணைப்பு நிலையங்கள் மூடப்படுவதற்கும் அதனால் சக பணியாளர்கள் மடிவதற்கும் காரணமான பொய்யறிக்கையால் ஆதாயம் பெற்றோரை அவர் பழிவாங்கியிருக்கிறார். இறுதியில் ஆட்காக்ஸைக் காக்க முயன்று ஸ்டீபனும் உயிர் துறக்கிறான்.

இக்கதைப்போக்கில் புதுமை மிகுதி என்று கூற இயலாது. அரசியல் சதியைப் பற்றிய பகுதி விரைந்து முடிக்கப்பட்டுள்ளது. பெண் பாத்திரங்கள் ஆடவரின் மனநிலையைக் கேட்டறியும் செவிகளாகவே நிற்கின்றனர். படத்தின் வலிமை தீக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை வெவ்வேறு மனிதர் வெவ்வேறு மொழியில் பேசுவதில்தான் உள்ளது.

3. மூச்சு, பசி, வெறுப்பு

படத்தின் மையமான உரைப்பகுதி ரிம்கேல் பிரையனுக்குத் தீயைப் பற்றிக் கூறும் விளக்கமாகும். தீ உயிருள்ளது, அது மூச்சு விடும், உண்ணும், வெறுக்கும், அதனை வெல்ல வேண்டுமாயின் அதனைப் போலவே சிந்திக்க வேண்டும், அதனை முற்றிலும் கொல்ல வேண்டுமாயின் சிறிதேனும் அதன்மேல் அன்பு வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் பேசுகிறார். இப்பகுதி முழுவதிலும் தீயைச் சுட்ட ஆங்கிலத்தில் அஃறிணை ஒருமைச் சுட்டுப்பெயரே வருகிறது. தீக்கு உயிரேற்றும் பணியை இங்குப் பெயர் செய்யவில்லை; வினைகளே செய்கின்றன.

இம்மூன்று வினைகளும் ஒரு தரத்தன அல்ல. மூச்சு விடுதல் என்பது தொழில்முறையில் கிடைத்த உற்றுநோக்கலின் விளைவு. அடைபட்ட அறையில் காற்றின்றித் தவிக்கும் தீயின் புகை, கதவின் இடுக்கு வழியே வெளியே வந்து மீண்டும் உள்ளிழுக்கப்படுவது உண்டு. தீயணைப்போர் இதனை வெடிப்புக்கு முன்னறிகுறியாகக் கொள்கின்றனர். கதவின் கீழே புகை போய்வருவதைப் படமும் காட்டுகிறது. எனவே 'மூச்சு' என்பது இங்கு அணியழகுக்காக வந்த உருவகம் அன்று. உயிர் காக்கும் அறிவைச் சுருக்கி வைத்த கலைச்சொல்லாகும். மொழிபெயர்ப்பாளர் இதனை 'தீ கொழுந்துவிடுகிறது' என்பது போன்ற வழக்குத் தொடரால் பெயர்த்தால் அழகு மட்டும் குறையவில்லை, செய்தியே மறைந்துவிடுகிறது.

உண்ணுதல் என்னும் வினையோ தமிழில் எதிர்மாறான சிக்கலைத் தருகிறது. ஆங்கிலக் கேட்போருக்கு ஓரளவு புதுமை தோன்றும் இவ்வுருவகம் தமிழில் வழக்கூன்றித் தேய்ந்துபோனது. 'நூறு குடிசைகள் தீக்கிரையாயின' என்று நாளிதழ் எழுதும்போது, இரையைக் கவ்வும் விலங்கு அத்தொடரில் இருப்பதை எழுதுவோரும் உணர்வதில்லை, படிப்போரும் உணர்வதில்லை. தீநாக்கு, தீயின் கோரப்பசி என்பனவும் இத்தகையனவே. ஆங்கிலத்தில் ஒரு தனிமனிதனின் அனுபவத்தில் பிறந்த கூற்றாக ஒலிப்பது தமிழில் செய்தித்தாள் மொழியாகச் சுருங்கிவிடும் இடர் இங்குள்ளது. 'உண்கிறது', 'விழுங்குகிறது' ஆகியவற்றைக் காட்டிலும் 'தின்கிறது' என்னும் சொல் இவ்விடத்தில் சற்று உயிர்ப்புடையது எனலாம்.

மூன்றாவது வினையே உண்மையான பாய்ச்சல். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்தி, ஆறாவதாக மனத்தை வைப்பது அறிந்ததே. மூச்சும் ஊணும் எல்லா உயிர்க்கும் பொது. வெறுப்போ மனத்தின் செயல். ஆகவே ரிம்கேலின் மூன்று வினைகளும் தீயை உயிரற்ற நிலையிலிருந்து உயிர்நிலைக்கும், அங்கிருந்து மனமுடைய நிலைக்கும் ஏற்றுகின்றன. தமிழாக்கத்தில் முதலிரண்டு வினைகளும் அளவுக்கு மீறி அலங்கரிக்கப்பட்டால் மூன்றாவதன் அதிர்ச்சி மழுங்கிவிடும். மூன்றையும் ஒரே எளிமையில், ஒரே நீளத்தில் அமைத்து, ஏற்றத்தைப் பொருளுக்கே விட்டுவிடுவது நன்று.

படத்தின் ஒலியமைப்பும் இதே ஏற்றத்தைப் பின்பற்றுவது குறிப்பிடத்தக்கது. தீயின் இரைச்சலுக்குள் விலங்கின் உறுமல் போன்ற ஒலியும் பெருமூச்சுப் போன்ற ஒலியும் கேட்கின்றன. சொல்லால் கூறப்பட்ட உயிர்மை செவியாலும் உறுதிப்படுகிறது. தீயை 'விலங்கு' என்றே குறிக்கும் வழக்கும் படத்தில் உண்டு.

4. திணையும் வேற்றுமை உருபும்

தீயைப் பற்றிப் படத்தில் மூன்று குரல்கள் உள்ளன. ஸ்டீபனுக்குத் தீ பகை. ரிம்கேலுக்குத் தீ பயிலத்தக்க பொருள். சிறையிலிருக்கும் ரொனால்டு பார்ட்டல் என்னும் தீவைப்பாளனுக்கோ அது காதலுக்குரியது. பிரையனிடம் பார்ட்டல் தீயைப் பற்றிக் கேட்கும் வினாக்கள், இருவருக்கும் பழக்கமான ஒரு நபரைப் பற்றி விசாரிப்பன போல் அமைந்துள்ளன. தீ உன்னைப் பார்த்ததா என்னும் பொருள்பட அவன் கேட்பது ஓர் எடுத்துக்காட்டு.

இம்மூன்று குரல்களையும் தமிழில் எவ்வாறு வேறுபடுத்துவது? திணை மாற்றம் முதலில் தோன்றும் வழி. உவகை, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறது. அவ்விதிப்படி ஸ்டீபன் சினத்தாலும் பார்ட்டல் உவகையாலும் தீயை 'அவன்' என்றோ 'அவள்' என்றோ சுட்டுவதற்கு இலக்கண இசைவு உண்டு.

ஆயினும் இலக்கண இசைவு ஒன்று, வழக்கின் சுமை மற்றொன்று. தமிழ்ச் சூழலில் தீயை 'அவள்' என்றவுடன் அம்மன் வழிபாடும் தீமிதித் திருவிழாவும் கேட்போர் நினைவில் எழும். தீ அன்னையாகவும் தூய்மை செய்பவளாகவும் மாறிவிடுவாள். சிகாகோவின் கிடங்குகளிலும் அடுக்குமாடிகளிலும் எரியும் தீயில் இச்சமயப் பொருள் சிறிதும் இல்லை. இல்லாத தெய்வத்தை மொழிபெயர்ப்பாளர் வரவழைத்தவராவார்.

இந்திமொழியில் நிலைமை வேறு. அங்கு 'ஆக்' என்னும் சொல் இலக்கணப்படியே பெண்பால். வினைமுற்று எப்போதும் பெண்பாலிலேயே முடிவதால், அதனைக் கொண்டு தீக்குத் தனியே உயிரேற்ற இயலாது. வடமொழியில் 'அக்னி' ஆண்பால். அதுவே இந்தியில் பெண்பாலாக வழங்குகிறது. தீயணைப்போரைப் பற்றி ராகுல் தொலாகியா இயக்கி 2024-இல் வெளிவந்த இந்திப் படம் 'அக்னி' என்று பெயரிடப்பட்டது; அத்தலைப்பு தெய்வத்தின் பெயரையும் பொருளின் பெயரையும் ஒருசேரச் சுமக்கிறது. தமிழில் பால் பகுப்பு பொருள் அடிப்படையில் அமைந்தது. ஆதலால் திணையை மாற்றுவது இங்கு மிகப் பெரிய செயல். சிறு நுட்பத்திற்காக அதனைப் பயன்படுத்துவது பொருந்தாது.

திணையை மாற்றாமலே உயிர்மையைக் குறிக்கும் வேறொரு வாயில் தமிழில் உள்ளது. அது வேற்றுமை உருபு. தற்காலத் தமிழில் இடப்பொருளில் உயிரற்ற பெயர்கள் 'இல்' உருபையும், உயிருள்ள பெயர்கள் 'இடம்' என்பதையும் ஏற்கின்றன. 'வலையில் அகப்பட்டான்' என்கிறோம். 'புலியிடம் அகப்பட்டான்' என்கிறோம். நீக்கப்பொருளிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. பின்வரும் தொடர்களை ஒப்பிடலாம்:

(அ) குழந்தையைத் தீயிலிருந்து மீட்டான்.
(ஆ) குழந்தையைத் தீயிடமிருந்து மீட்டான்.

முதல் தொடரில் தீ ஓர் இடம். குழந்தை அவ்விடத்தில் இருந்தது, வெளியே கொண்டுவரப்பட்டது. இரண்டாம் தொடரில் தீ ஒரு கவர்வோன். குழந்தை அதன் பிடியில் இருந்தது, பறித்து மீட்கப்பட்டது. சுட்டுப்பெயர் மாறவில்லை, திணை மாறவில்லை, எந்தத் தெய்வமும் வரவில்லை. ஓர் உருபு மட்டும் மாறியுள்ளது. புலியும் தீயும் அஃறிணையே எனினும் 'இடம்' என்பது புலியின் வரிசையில் தீயை நிறுத்திவிடுகிறது. படம் தீயை விலங்கு என்று கூறுவதை நோக்க, இந்த அளவு உயிரேற்றமே அளவான உயிரேற்றமாகும்.

இவ்வாறாயின் மூன்று குரல்களையும் உருபுகளாலேயே வேறுபடுத்தலாம். நிலைய அலுவலர்களின் அறிக்கை மொழியில் 'தீயில்', 'தீயிலிருந்து'; ஸ்டீபன், ரிம்கேல் ஆகியோர் பேச்சில் 'தீயிடம்', 'தீயிடமிருந்து'; பார்ட்டல் ஒருவன் பேச்சில் மட்டும், அதுவும் பரோல் விசாரணையில் அவன் தன் உண்மை உள்ளத்தை வெளியிடும் இடத்தில் மட்டும், திணை மாற்றம். உலகம் முழுவதையும் எரிப்பதே தன் விருப்பம் என்று அவன் ஒப்புக்கொள்ளும் அக்கணத்தில் திணை பிறழ்வது அவனுடைய மனப்பிறழ்வின் இலக்கணமாகவே அமையும்.

5. தொழிற்பெயரும் அதன் தீர்ப்பும்

தீயணைக்கும் பணியாளரைக் குறிக்கும் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு அப்பணியைப் பற்றிய வேறுபட்ட பார்வைகளைக் காட்டுகிறது. இந்தியில் வழங்கும் 'தம்கல்' என்பது மூச்சு, பொறி என்னும் இரு சொற்களால் ஆனது. நீரை உந்தும் கருவியிலிருந்து பிறந்த பெயர் அது. மலையாளத்தின் 'அக்னிசமனசேனை', கன்னடத்தின் 'அக்னிசாமகதளம்' ஆகியவை தீயைத் தணிக்கும் படை என்னும் பொருளன.

ஆங்கிலத்தில் பழைய சொல்லான 'பயர்மேன்' என்பதற்கு நேர்ப்பொருள் தீ மனிதன் என்பதே. தீயுடன் அவனுக்கு என்ன உறவு என்பதை அச்சொல் கூறுவதில்லை. நீராவி இன்ஜினில் கரியள்ளிப் போட்டுத் தீ வளர்ப்பவனும் 'பயர்மேன்'. தீயை அணைப்பவனும் 'பயர்மேன்'. நீராவி வண்டிகள் ஓடிய காலத்து இந்திய இரயில்வே ஊழியரிடையே முதற்பொருளே பெருவழக்காக இருந்தது. ரே பிராட்பரி தம் 'பாரன்ஹீட் 451' என்னும் புதினத்தில் நூல்களை எரிப்போரை இப்பெயரால் அழைத்தது இவ்விருபொருளைப் பயன்கொண்டதேயாகும். பிற்காலத்தில் பரவிய 'பயர்பைட்டர்' என்னும் சொல் ஆண்பால் குறியை நீக்கியதோடு போர் என்னும் உருவகத்தையும் நிலைநிறுத்தியது. தீயை அணைப்பவரே தீயை வைத்தவராகவும் இருக்கும் இப்படத்தின் கதை, பழைய சொல்லின் மறந்துபோன இருபொருளை மீண்டும் உயிர்ப்பிக்கிறது.

தமிழில் நிலைபெற்ற தொடர் 'தீயணைப்பு வீரர்' என்பதாகும். துறையின் பெயரோ 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. துறைக்குப் பணி, ஆளுக்கு வீரம். இச்சொல்லாட்சி மரியாதையின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தபோது தீயணைப்புப் பணியாளர் 66 பேர் உயிரிழந்தனர். அந்நாளை முன்னிட்டு இந்தியாவில் ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அத்தகையோரை வீரர் என்பது தகும்.

எனினும் இப்படத்தின் தமிழாக்கத்தில் அச்சொல் ஓர் இடையூறு. பிரையன் துணிவுடையவனா என்பதே படம் எழுப்பும் வினா. சீருடை அணிந்த முதல் நாளிலேயே அவனை 'வீரர்' என்று அழைத்துவிட்டால், படம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தேடும் விடையைச் சொல் முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. அஞ்சி நிற்கும் இளைஞனை 'வீரர்' என்பது மூலத்தில் இல்லாத எள்ளலாகவும் ஒலிக்கலாம். 'தீயணைப்பாளர்' என்னும் நடுநிலைச் சொல்லை உரையாடலில் ஆண்டு, 'வீரர்' என்பதை இறுதி ஊர்வலக் காட்சியின் அலுவல்முறை அறிவிப்புக்கு ஒதுக்கினால் அச்சொல் தன் முழு எடையையும் பெறும்.

'அணைத்தல்' என்னும் வினையின் இருபொருளும் இங்குக் கருதத்தக்கது. தழுவுதலும் அவித்தலும் தமிழில் ஒரே வடிவச் சொற்கள். விளக்கை 'அணை' என்பது மங்கலமன்று என்று கருதிக் 'குளிர வை', 'அமர்த்து' என்று கூறும் வழக்கமும் உண்டு. தீயைக் கொல்ல வேண்டுமாயின் அதன்மேல் சிறிது அன்பு வேண்டும் என்று ரிம்கேல் கூறும் முரண், தமிழில் 'அணை' என்னும் ஒரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. மூலத்தில் இல்லாத இப்பேற்றை மொழிபெயர்ப்பாளர் சுட்டிக்காட்டிச் சொல் விளையாட்டாக்காமல், அவ்விடத்தில் 'கொல்' என்பதற்குப் பதிலாக 'அணை' என்பதை இயல்பாக அமைத்தாலே போதும்.

பட்டப்பெயர்களில் இழப்பு தவிர்க்க இயலாதது. ஸ்டீபனுக்கு வழங்கும் எருதைக் குறிக்கும் பட்டப்பெயர் முன்பின் பாராமல் முட்டும் இயல்பைச் சுட்டுவது. 'காளை' என்றால் தமிழில் இளமையும் அழகும் கலந்த தலைவன் முன்வருவான். ஆட்காக்ஸின் பெயர்ச் சுருக்கம் கோடரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் அமைகிறது; கோடரி தீயணைப்போரின் கைக்கருவி. ஒலியால் வந்த இப்பொருத்தத்தைத் தமிழில் தருவதற்கு வழியில்லை. புதிதாகச் சேர்ந்தவனை அழைக்கும் கேலிச்சொல்லுக்குக் 'கத்துக்குட்டி' நன்கு பொருந்தும்.

6. தலைப்பும் கலைச்சொல்லும்

படத்தின் தலைப்பு ஒரு கலைச்சொல். மூடிய அறையில் எரியும் தீ உயிர்வளியைத் தீர்த்துவிட்டபின் சுடர் தணிகிறது. எரியாத வளிகள் வெப்பத்துடன் அறையில் தேங்குகின்றன. எவரேனும் கதவைத் திறந்தால் புதிய காற்று உள்ளே இழுக்கப்பட்டு அவ்வளிகளுடன் கலந்து வெடித்தெழுகிறது. அறையில் உள்ள பொருள்கள் அனைத்தும் வெப்பத்தால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிகழ்வு வேறு. இரண்டையும் 'திடீர்த் தீ' என்று ஒரே தொடரால் மொழிபெயர்ப்பது பிழையாகும். முன்னதற்குக் காரணம் காற்று. பின்னதற்குக் காரணம் வெப்பம்.

'பின்னிழுப்பு' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அது தீயைப் பற்றியது என்பதே அதில் புலனாகவில்லை. 'மீள்தீ' என்பது அணைந்த தீ மீண்டும் பற்றுவதைக் குறிப்பதாகப் பொருள் மயங்கும். நிகழ்வின் காரணத்தையும் விளைவையும் ஒருங்கே கூறும் 'காற்றிழுவெடிப்பு' என்னும் வினைத்தொகை அமைப்பு பயிற்சி நூல்களுக்கு ஏற்றது. காற்றை இழுத்த, இழுக்கின்ற, இழுக்கும் வெடிப்பு என முக்காலத்துக்கும் அது பொருந்தும்.

படத்தின் தலைப்பாக இச்சொல் நில்லாது. இங்குத் தமிழ் வழக்கில் உள்ள 'நீறுபூத்த நெருப்பு' என்னும் தொடர் கருதத்தக்கது. மேலே அடங்கியும் உள்ளே கனன்றும் இருக்கும் பகைக்கு அது பெயர். ஆட்காக்ஸின் பழியுணர்வுக்கும் உடன்பிறந்தாரின் உள்ளப் பிணக்குக்கும் அது முற்றும் பொருந்தும். ஆனால் அறிவியல் அளவில் இரண்டும் ஒன்றல்ல. சாம்பலடியில் உள்ளது தணல்; ஊதினால் மெல்ல மூளும். மூடிய அறையில் உள்ளது வளி; கதவு திறந்த நொடியில் வெடிக்கும். முன்னதை மூட்டுபவன் ஊதுபவன். பின்னதை மூட்டுபவனோ உதவ வந்தவன். இவ்வேறுபாடு சிறிதன்று. காப்பாற்றக் கதவைத் திறக்கும் கையே வெடிப்புக்கு வாயிலாகிறது என்பதே இப்படத்தின் துயரக் கரு. டிம் என்னும் இளைஞன் அவ்வாறே கதவைத் திறந்து கொடிய தீக்காயமுறுகிறான். எனவே தலைப்பில் பழந்தொடரை ஆளுவோர் உரையாடலில் கலைச்சொல்லையே ஆண்டு, இரண்டையும் ஒன்றாக்காமல் காத்தல் வேண்டும்.

வண்டிகளின் பெயரிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அமெரிக்க வழக்கில் நீரும் குழாயும் கொண்ட வண்டிக்கு ஒரு பெயர், ஏணி கொண்ட வண்டிக்கு மற்றொரு பெயர். அவற்றில் செல்வோரின் பணிகளும் வேறு. தமிழில் எல்லாம் 'தீயணைப்பு வண்டி'. நீர்வண்டி, ஏணிவண்டி எனப் பிரித்தல் எளிது. பிரிக்காவிடில் குழுக்களுக்கிடையே நிகழும் கேலியும் போட்டியும் விளங்கா.

7. விளியும் தன்மைப் பன்மையும்

ஆங்கில முன்னிலைப் பெயர் உயர்வு தாழ்வு காட்டாது. ஸ்டீபன் பிரையனுக்கு அண்ணன். அதே நேரத்தில் மேலதிகாரி. இவ்விரண்டு உறவுகளும் மோதுவதே முன்பாதியின் நாடகம். ஆங்கிலத்தில் பிரையன் பேசும் ஒவ்வொரு தொடரும் இரு உறவுகளுக்கும் இடமளித்து நிற்கிறது. தமிழில் அவன் வாய் திறந்தவுடன் 'அண்ணா' என்பதா, 'சார்' என்பதா, 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என முடிவு செய்தாக வேண்டும். நிலையத்தில் பிறர் முன் 'சார்', 'நீங்கள்'. தனித்துச் சண்டையிடும் இடத்தில் 'நீ'. ஸ்டீபன் இறக்கும் தறுவாயில் மட்டும் 'அண்ணா' என வகுத்துக்கொண்டால், மூலம் முகபாவத்தால் காட்டுவதைத் தமிழ் விளியால் காட்டும்.

ஏவல் தொடர்களில் வேறொரு நெறி வேண்டும். தீக்களத்தில் மரியாதை விகுதிக்கு நேரமில்லை. 'வாருங்கள்', 'தள்ளுங்கள்' என்று திரைக்கதைத் தமிழில் எழுதினால் களம் அலுவலகமாகிவிடும். அங்கு மூத்தவருக்கும் இளையவருக்கும் 'வா', 'தள்ளு', 'படு' என்னும் பகுதி வடிவங்களே பொருந்தும். மரியாதை நீங்குவது அவமதிப்பன்று. உயிர் காக்கும் விரைவு. தீ அணைந்தபின் விகுதி திரும்புவதே அமைதி திரும்பியதன் அறிகுறி.

இப்படத்தின் புகழ்பெற்ற தொடர், இடிந்து விழும் தளத்தில் ஆட்காக்ஸின் கையைப் பற்றிக்கொண்டு ஸ்டீபன் கூறுவது. நீ விழுந்தால் சேர்ந்தே விழுவோம் என்பது அதன் கருத்து. மூலத்தில் நிபந்தனைச் சொல்லோ இணைப்புச் சொல்லோ இல்லாத மிகச் சிறிய இரு துண்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழில் 'ஆல்' என்னும் நிபந்தனை விகுதியைத் தவிர்ப்பது அரிது. அதனினும் பெரிய சிக்கல் தன்மைப் பன்மையில் உள்ளது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரண்டு.

'நாங்கள்' என்றால் கேட்பவன் நீங்கலானவர். அவ்வாறாயின் அத்தொடர் குழுவின் நெறியாகிறது: நீ எங்குச் சென்றாலும் எஞ்சிய நாங்கள் பின்தொடர்வோம். 'நாம்' என்றால் கேட்பவனும் உட்பட்டவன். அவ்வாறாயின் அது அந்தக் கணத்தின் கூற்றாகிறது: உன் வீழ்ச்சியும் என் வீழ்ச்சியும் ஒன்றே. அக்காட்சியில் இருப்போர் இருவரே. அதனினும் முக்கியமாக, ஆட்காக்ஸ் கொலை செய்தவர். குழுவின் நெறியை மீறித் தம்மைத் தாமே வெளியேற்றிக்கொண்டவர். அவரை நோக்கி 'நாங்கள்' என்பது அவ்வெளியேற்றத்தை உறுதிப்படுத்தும். 'நாம்' என்பதோ அவரை மீண்டும் உள்ளே சேர்க்கிறது. குற்றத்தை அறிந்த பின்னும் கையை விடாத ஸ்டீபனின் செயலுக்கு 'நாம்' ஒன்றே பொருந்தும். மூலமொழி இருபொருளில் விட்டதைத் தமிழ் தெளிவாக்குகிறது. இங்குத் தெளிவு இழப்பாகவன்றி ஆக்கமாகவே அமைகிறது.

8. துணிவைப் பற்றிய படத்தின் நிலைப்பாடு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்திற்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அஞ்சாமை அந்நான்கனுள் ஒன்றே. இவ்வரையறையைக் கொண்டு நோக்கின் படத்தின் அமைப்பு தெளிவாகிறது. ஸ்டீபனிடம் இருப்பது அஞ்சாமை. ரிம்கேலிடம் இருப்பது தீயைக் கற்ற கல்வி. பிரையன் சுமப்பது தந்தையின் புகழ். அப்புகழ் இதழின் அட்டையில் அவன்மேல் ஏற்றப்பட்ட பாரம். இறுதியில் ஸ்டீபன் கொடையாகவும் ஆகிறான்.

இந்நான்கனுள் படம் எதனை உயர்த்துகிறது என்பதில் தடுமாற்றம் உள்ளது. மூச்சுக் கவசமின்றிப் புகுவதன் கேடு உரையாடலில் சுட்டப்படுகிறது. ஆனால் காட்சியில் அதுவே அழகாகக் காட்டப்படுகிறது. மேலும், உண்மையான கட்டடத் தீயில் அடர்ந்த கரும்புகை கண்ணை மறைக்கும். தீயணைப்போர் தவழ்ந்தும் தடவியுமே முன்னேறுவர். படத்திலோ புகை விலகி நடிகர்களின் முகம் ஒளிர்கிறது. முகம் தெரிய வேண்டும், பேச்சுக் கேட்க வேண்டும் என்பது திரைக்கலையின் தேவை. எனினும் கவசத்திற்குள் அமுங்கிய குரல், வானொலியில் உடையும் சொல், தொடுதலாலேயே பரிமாறப்படும் செய்தி ஆகியவை இதனால் திரைக்கு வெளியே நின்றுவிட்டன. தீயணைப்போரின் தொழில்மொழியில் பாதி மௌனம் என்பதைப் படம் அறிந்திருந்தும் காட்டவில்லை.

அறநிலையிலும் ஒரு வினா எஞ்சுகிறது. ஆட்காக்ஸின் குற்றத்தை வெளியிட வேண்டாம் என்று ஸ்டீபன் இறக்கும்போது கேட்டுக்கொள்கிறான். பிரையன் அதனைக் காக்கிறான். அரசியல்வாதியின் பொய்யறிக்கை அம்பலமாகிறது. கொலைகாரரின் பெயர் மறைக்கப்படுகிறது. ஒரு பொய்யை வெளிப்படுத்தி மற்றொரு பொய்யைப் புதைக்கும் இம்முடிவைப் படம் விசுவாசம் என்று எளிதில் ஏற்றுக்கொள்கிறது. 'நாம்' என்னும் சொல்லின் ஆற்றலும் ஆபத்தும் இதுவே. அது விழுபவனின் கையைப் பற்றுகிறது. அவன் செய்ததையும் சேர்த்து மூடுகிறது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. தீக்கு உயிரேற்றும் மொழி தீயணைப்போரிடம் அணியாக மட்டுமன்றி அறிவாகவும் வழங்குகிறது. எனவே அதனை வழக்குத் தொடர்களால் ஈடுசெய்தல் கூடாது. தமிழில் உயிர்மையைக் காட்டத் திணையைவிட வேற்றுமை உருபு நுட்பமான கருவி. 'வீரர்' என்னும் மரபுச்சொல்லை இடமறிந்து ஆளுதல் வேண்டும். விளியும் தன்மைப் பன்மையும் மூலத்தின் இருபொருளைத் தீர்த்துவைக்கும் இடங்களாதலால், அங்கு மொழிபெயர்ப்பாளர் திறனாய்வாளராகவும் செயற்படுகிறார்.

படத்தின் இறுதியில், வண்டியில் புதிதாய் அமர்ந்திருக்கும் இளைஞனின் மேலங்கியைப் பிரையன் சரிசெய்கிறான். அண்ணனிடமிருந்து பெற்றதை அவன் அடுத்தவனுக்குத் தருவது அச்செயலில் விளங்குகிறது. மொழிபெயர்க்க வேண்டிய சொல் ஒன்றும் அங்கு இல்லை. அதற்கு முன்வந்த சொற்கள் சரியாகப் பெயர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே அக்காட்சி தமிழிலும் தானே பேசும்.